நட்சத்திரமும் சிசுவும்

ஜவ்வாது மலைக்கு வருகிறவர்கள் அருவியில் நீராடி, தேனும் சாமையும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். மலையிலேயே வாத்தியார் உத்தியோகம் பார்க்கும் எனக்கோ காவலூர் வான ஆராய்ச்சி நிலையத்தின் மீதுதான் மோகம். அங்குள்ள 2.34 மீட்டர் தூரதிருஷ்டிக் கண்ணாடி நம் நாட்டிலேயே செய்யப்பட்டது. 1986-ல் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பெற்றது. என்றைக்கோ புறப்பட்ட ஒளியை அது இன்றைக்குப் பிடித்துக் காட்டுகிறது.

அதே 1986-ல் இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்னும் டாக்டர் ஒரு விசித்திரமான செய்தியை வெளியிட்டார். 1921 முதல் 1925 வரை எந்தப் பிரதேசங்களில் சிசு மரணம் அதிகமாயிருந்ததோ, அங்கேயே சுமார் ஐம்பது வருஷங்களுக்குப் பின் இருதய நோயும் அதிகம் என்றார். பிறகு ஹெர்ட்போர்ட்ஷயர் ஜில்லாவில் 1911 முதல் எழுதிவைத்த பிரசவக் குறிப்பேடுகள் அகப்பட்டன. எடை குறைந்து பிறந்தவர்களே பிற்காலத்தில் இருதய நோயால் அதிகம் மாண்டார்கள் என்பது அவற்றால் தெரிந்தது. வியாதியும் நட்சத்திர ஒளியைப் போல் வெகு காலம் பிரயாணம் செய்துதான் வருகிறது போலும்!

என் வகுப்பில் ஒரு பையன். ஊரில் எந்தக் காய்ச்சல் வந்தாலும் முதலில் படுப்பவன் அவன்தான். நன்றாகச் சோறு போடும்படி அவன் பாட்டியிடம் சொன்னேன். "இவன் வயித்துல இருக்கையில இவன் ஆத்தா பட்டினி, வாத்தியாரே. இப்பப் போட்டு என்ன?" என்றாள் கிழவி. முதல் வாக்கியம் சுத்தமான விஞ்ஞானம். இரண்டாவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. மலைக்குக் கீழே வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 1969 முதல் 1973 வரை பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளை நிறுத்து, அளந்து எழுதிவைத்தார்கள். அவர்கள் வாலிபரான பின் தேடிப் பிடித்து மறுபடியும் சோதித்தார்கள். சிசுப் பருவத்தில் மெலிந்திருந்து, பிற்பாடு அதிகமாய்ப் பருத்தவர்களிடமே சர்க்கரைக் கோளாறு மிகுந்திருந்தது. நம் சிசு எடையில் மெலிந்திருந்தாலும் கொழுப்பில் ஆங்கிலச் சிசுவுக்கு அவ்வளவாக இளைத்ததல்ல என்று பூனாவில் டாக்டர் யாக்னிக் காட்டினார். மைசூர் ஆராய்ச்சி இன்னும் கவலை தருவது: கர்ப்ப காலத்தில் தாய்க்கு நீரிழிவு இருந்தால், குழந்தைக்கு 9½ வயதிலேயே உடலில் கொழுப்பு மிகுந்து, இன்சுலினுக்கு மசியாத சுபாவம் தோன்றிவிடுகிறது. ஒன்பது வயது என்றால் நாலாம் வகுப்பு!

இத்தகைய ஆராய்ச்சிக்கு மூன்று வருஷ மானியம் எந்த மூலைக்கு? ஆஸ்பத்திரிக்குக் கட்டடம் கட்ட நம் தனவந்தர்கள் முன்வருவார்கள். பெயர் பொறித்த கல் கிடைக்கும். முப்பது வருஷம் ஒரே குழந்தையைத் தொடர்ந்து செல்லும் ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க யார் வருகிறார்கள்? மானியம் நின்றால், கல்யாணமாகிப் போன பெண்ணின் புது விலாசத்தை விசாரிக்க ஆளில்லை. பழைய கணக்கு அந்தரத்தில் நிற்கிறது.

பணம் உள்ளவர்கள் பணம் கொடுக்கட்டும். நம்மைப் போன்ற குடும்பத்தார் வேறொன்று செய்யலாம். குழந்தை பிறந்தபோது எழுதிய எடைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஆராய்ச்சி ஊழியர் தராசும் கையுமாக வாசலில் நின்றால், "இப்போது ஒழிவில்லை" என்று அனுப்பிவிடாதீர்கள். உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் மோர் கொடுங்கள். வெயிலில் வெகு தூரம் நடந்து வந்திருப்பார்.