ஒரு கிலோ லேப்டாப்... ஒரு நாள் வேலையைத் தாங்குமா?

எனக்கு ஊர் ராஜபாளையம். பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டம் என்றால், இரண்டரை கிலோ லேப்டாப்பையும் செங்கல் மாதிரி சார்ஜரையும் சுமந்துகொண்டு பஸ் ஏற வேண்டும். ரத வீதிக் கூட்டத்துக்குள் கிடைத்த திண்ணையில் உட்கார்ந்து, வீடியோவை வெட்டி உடனே அனுப்ப வேண்டும்.

தோள்வலி தாங்காமல்தான் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் பற்றி விசாரித்தேன். 2012-ல் அறிமுகமானபோது 1.36 கிலோ. இப்போதைய மாடல்கள் ஒரு கிலோவை ஒட்டி வந்துவிட்டன. டைப்-சி சார்ஜர் என்பதால் போனுக்கும் அதுவே போதும். ஆனால், விலை லட்சத்தைத் தாண்டுகிறது. "அந்தக் காசுக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கலாமேடா" என்றார் அம்மா.

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் இரண்டு விஷயங்களை அலசினேன். மெல்லிய லேப்டாப் எதிலும் சூடு வெளியேற இடம் குறைவு. நீளமான வீடியோவை ரெண்டர் செய்தால், பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடையில் ஐந்து நிமிடம் தட்டிப்பார்த்தால் இது தெரியாது. அடுத்து, இந்த மாடலில் ரேம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். 16 ஜிபியா, 32 ஜிபியா என்பதை வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும். பிறகு கூட்ட முடியாது.

நாள் முழுக்க மேஜையில் உட்கார்ந்து பெரிய வீடியோக்களை எடிட் செய்பவர்களுக்கு, இதே பணத்தில் கனமான லேப்டாப்தான் லாபம். நான் வெட்டுவதோ இரண்டு நிமிட வீடியோ, அலைவதுதான் அதிகம். அம்மாவிடம் கணக்கைக் காட்டிவிட்டேன்: 32 ஜிபி, மாதத் தவணை, ஐந்து வருடத்துக்கு வேறு லேப்டாப் கிடையாது. "சரி, ஸ்கூட்டி அடுத்த தீபாவளிக்கு" என்றார்.