அரைச் சுற்றுப் பேராசை

திருமுல்கேரிக்குத் துப்பாக்கி புதிதல்ல. 1857 கிளர்ச்சியில் அரண்டுபோன பிரிட்டிஷார் செகந்திராபாத்தின் இந்தப் பகுதியில் அகழியும் மதிலுமாக அரண் கட்டிக்கொண்டார்கள். மதராஸ் பட்டாளத்தோடு வந்த தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் கன்டோன்மென்ட் தெருக்களில் இன்றும் தமிழ் பேசுகிறார்கள். ராணுவத் தளவாடங்களைப் பழுது பார்க்கும் பொறியாளர்களுக்குப் பாடம் சொல்லும் கல்லூரியும் இங்கேதான் இருக்கிறது. ஆனால் ஹைதராபாத்துக்கு ஒலிம்பிக் பதக்கம் தேடித் தந்த துப்பாக்கியில் வெடிமருந்தே கிடையாது. அது வெறும் காற்றில் சுடுவது.

சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் வெண்கலம் வென்றார். 4 ஆண்டுகளுக்கு முன் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும் இதே போட்டியில்தான். காற்றுத் துப்பாக்கி என்றால் திருவிழாவில் பலூன் உடைக்கும் சமாச்சாரம் என்ற எண்ணம் அதோடு போயிற்று.

இந்த ரைஃபிளின் சூட்சுமம் குழலுக்குக் கீழே இருக்கும் சிலிண்டரில் தொடங்குகிறது. அதில் சுமார் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைபட்டிருக்கும். கார் டயரில் இருப்பதைப் போல ஏறத்தாழ 90 மடங்கு. விசையை அழுத்தியதும் ஸ்பிரிங் உந்த, ஒரு சிறிய சுத்தியல் பாய்ந்து வால்வின் தண்டைத் தட்டுகிறது. வால்வ் இமைக்கும் நேரத்துக்குள் திறந்து மூடுகிறது. அந்த இடைவெளியில் தப்பும் காற்றுதான் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைத் தள்ளுகிறது.

பல ரைஃபிள்களில் ஸ்பிரிங்கை இறுக்க ஒரு திருகு உண்டு. வம்பு அங்கேதான். அரைச் சுற்று இறுக்கினால் சுத்தியல் ஓங்கி அடிக்கும். வால்வ் கூடுதல் நேரம் திறந்திருக்கும். குண்டு வேகமாகப் போகும். இன்னும் அரைச் சுற்று? ஓர் எல்லைக்குப் பிறகு, குண்டு குழலை விட்டுப் போன பின்னும் காற்று வெளியேறிக்கொண்டிருக்கும். சத்தம் கூடுமே தவிர வேகம் கூடாது. சுத்தியல் துள்ளி வால்வை மறுபடி தட்டினால் அந்தக் காற்றும் வீண்.

தளர்த்தினாலும் தொல்லைதான். சிலிண்டர் நிறைந்திருக்கும்போது காற்றின் அழுத்தமே வால்வை இறுகப் பிடித்துக்கொள்ளும். முதல் சில குண்டுகள் மந்தமாகப் போகும். காற்று குறையக் குறைய வேகம் ஏறும், பிறகு இறங்கும். இதைச் சமன் செய்யவே போட்டி ரைஃபிள்களில் ரெகுலேட்டர் இருக்கிறது. அது அழுத்தத்தைக் குறைத்து ஒரே அளவாக வால்வுக்கு அனுப்புகிறது. அதற்கு ஏற்ப ஸ்பிரிங்கை அமைப்பவர் வேகமானியின் முன் சுட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு, கால் சுற்றுத் திருகி, மறுபடி சுடுகிறார். அவர் தேடுவது அதிக வேகத்தை அல்ல. ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் இடையே மிகக் குறைந்த வித்தியாசத்தை.

ஏனென்றால் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 60 குண்டுகளுக்கு 631.5 புள்ளி எடுத்த ரமிதா ஜிண்டால் இறுதிச் சுற்றுக்குப் போனார். கடலூரைச் சேர்ந்த இளவேனில் வாலறிவன் எடுத்தது 630.7. 10ஆம் இடத்தோடு திரும்ப வேண்டியதாயிற்று. இடைவெளி 0.8 புள்ளி.

இத்தனை துல்லியத்துக்கு வலு அதிகம் தேவையில்லை. அரை கிராம் சொச்சம் எடையுள்ள குண்டு விநாடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் சுமார் 8 ஜூல். 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் இருந்தால் உரிமம் தேவையில்லை என்கின்றன 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள். பிறகு எதற்கு இறுக்குகிறார்கள்? காகித இலக்கைத் துளைக்க அல்ல. மரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவைக்காக, அல்லது நண்பர்களிடம் பெருமையடிக்க. வரம்பு தாண்டிய அரைச் சுற்று, விளையாட்டுப் பொருளைச் சட்டத்தின் கண்ணில் ஆயுதமாக்கிவிடுகிறது. பெரும்பாலான பறவைகளைச் சுடுவதை 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது.

காற்று சாதுவானது என்று நினைப்பதற்கில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரிய ராணுவம் காற்றுத் துப்பாக்கியைப் போருக்கே கொண்டுபோனது. சிலிண்டரில் காற்று மிச்சமிருக்கும்போது வால்வைக் கழற்றினால் பாகங்கள் குண்டு போலப் பாயும். காற்றுக்குப் பதில் ஆக்சிஜன் நிரப்பினால் வெடிக்கலாம்.

பம்பாயில் ஏர் கன்னால் ஒரு குருவியைச் சுட்ட சிறுவன், அதன் கழுத்திலிருந்த மஞ்சள் திட்டு என்னவென்று கேட்டுக்கொண்டு இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினான். அவன்தான் சாலிம் அலி. 1930களின் தொடக்கத்தில் ஹைதராபாத் சமஸ்தானத்தின் பறவைகளைக் கணக்கெடுத்தவரும் அவரே. எல்லாச் சிறுவர்களும் அப்படிப் படியேற மாட்டார்கள். ‘இது எவ்வளவு வேகம் போகும்?’ என்று கேட்கும் பையனிடம், ‘60 தடவையும் அதே வேகத்தில் போகுமா?’ என்று திருப்பிக் கேட்பது வீட்டுப் பெரியவர்களின் வேலை.