வுவ்ரேக்கு வா அக்கா

தூர், பிரான்ஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் அக்டோபரில் வருவது உறுதியானதிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் போனில் நீ சொன்ன ஒன்று இன்னும் உறுத்துகிறது. "வெள்ளை ஒயின் வெறும் புளித்த தண்ணீர்" என்றாய். ஐஸ் வாளியிலிருந்து எடுத்து நேராக ஊற்றிக் கொடுத்திருப்பார்கள். அந்தக் குளிரில் எந்த ஒயினுக்கும் வாசனை எழும்பாது. நாக்கில் புளிப்பு மட்டும்தான் நிற்கும்.

வெள்ளை ஒயினிலும் எத்தனையோ வகை உண்டு, கேள். லுவார் ஆறு கடலைச் சேரும் நாந்த் பக்கம் மஸ்கதே ஒயின் செய்கிறார்கள். அதில் பலவற்றைக் குளிர்காலம் முழுக்க அடியில் தங்கிய ஈஸ்ட் மண்டியோடு விட்டுவைத்துப் பிறகு புட்டியில் அடைப்பார்கள். சிப்பியோடு குடிக்க அதற்கு இணை கிடையாது. ஆற்றின் மேல்பக்கம் போனால் சான்செர். சோவிஞ்யோன் பிளாங்க் திராட்சையில் செய்வது, நல்ல மணம். என் மனம் என்னவோ இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வுவ்ரேயில்தான்.

எங்கள் ஊரிலிருந்து கிழக்கே சுமார் பத்து கிலோமீட்டர் அது. 1936-இலேயே அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. வேறு இடத்துத் திராட்சையில் செய்ததை வுவ்ரே என்று விற்க முடியாது. திராட்சை ஷெனின் பிளாங்க். வருஷத்து வெயிலைப் பொறுத்து அது என்னவாகும் என்பதுதான் எனக்குத் தீராத ஆச்சரியம். வெயில் குறைந்தால் இனிப்பில்லாத 'செக்' ஒயினும் நுரை ஒயினும்தான் நிறையச் செய்வார்கள். வெயில் நன்றாகக் காய்ந்து இலையுதிர்காலமும் நீண்டால், பழம் கொடியிலேயே சுண்டும். சிலவற்றில் நல்ல பூஞ்சணமும் பிடிக்கும். அப்படிப்பட்ட பழத்தைத் தேடித்தேடிப் பறித்து 'முவால்யோ' என்ற இனிப்பு ஒயின் செய்வார்கள். இரண்டுக்கும் இடைப்பட்டது 'டெமி-செக்'. உனக்கு முதலில் தர நினைப்பது அதைத்தான்.

அங்கே ஆற்றோரம் முழுக்க மெத்தென்ற சுண்ணாம்புக்கல் பாறை. லுவார் அரண்மனைகள் பலவற்றுக்குக் கல் வெட்டியது இந்த வகைப் பாறையிலிருந்துதான். அப்படிக் குடைந்த குகைகளே இன்று ஒயின் கிடங்குகள். சுவரில் விரலைத் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டும். கோடையானாலும் குளிர்காலமானாலும் உள்ளே குளிர்ச்சி மாறாது. அங்கே ஊற்றிக் கொடுக்கும் டெமி-செக்கை அவசரப்படாமல் கையில் வைத்திரு. முதலில் பச்சை ஆப்பிள் வாசனை வரும். கொஞ்சம் குளிர் தணிந்ததும் தேனும் சீமைமாதுளையும் எழும்பும். சீமைமாதுளை என்றால் ஆப்பிளுக்கும் கொய்யாவுக்கும் நடுவில் ஒரு வாசனை. வாயில் இனிப்பு தெரியும் அதே நேரம் நாக்கின் இரு ஓரமும் ஊறும். அந்தப் புளிப்புதான் இந்த ஒயினுக்கு உயிர். நல்ல வருஷத்து முவால்யோ பல பத்தாண்டுகள் கெடாமல் இருப்பதும் அதனால்தான்.

தொட்டுக்கொள்ள ஆட்டுப்பால் சீஸ், செந்த்-மோர் வாங்கி வைக்கிறேன். நீளமாக உருட்டி மேலே சாம்பல் பூசியிருப்பார்கள். நடுவே ஒரு வைக்கோல் குச்சி ஓடும். உருவிப் பார், செய்தவரின் அடையாளம் அதில் பொறித்திருக்கும். நம் சமையலோடும் டெமி-செக் போகும். மிளகாய்க் காரத்தின் மேல் இனிப்பில்லாத ஒயின் ஊற்றினால் எரிச்சல்தான் கூடும், கொஞ்சம் இனிப்பு இருந்தால் அடங்கும். என் வீட்டில் இறால் தொக்குக்கு இதுதான். புளி விட்ட மீன்குழம்புக்கு மட்டும் எந்த ஒயினும் வேண்டாம்.

நீ இங்கே வருவதற்குள் உன் ஊரிலேயே ஒரு புட்டி கிடைத்தால், குடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்துவை. கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதே, வாசனை தங்க இடம் வேண்டும்.

பாரிஸ் சுற்றுவதில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு அதை வுவ்ரேக்குக் கொடு, அத்தானிடமும் சொல்லிவை. நீ வரும் சமயம் அறுவடை நடந்துகொண்டிருக்கும். குகைக்குள் குளிரும், ஸ்வெட்டர் மறக்காதே.

அன்புடன்,
உன் தம்பி