ஆறுதலை உணராதவருக்கும் ஆறுதல் உண்டா?

"கடவுள் உன்னைக் கைவிடமாட்டார்" என்று சொல்வது சுலபம். கைவிட்டுவிட்டார் என்றே நம்பும் ஒருவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், அப்போதுதான் கஷ்டம் தெரியும். கிறிஸ்தவ ஆலயங்களில் ஆறுதல், இரக்கம், கிருபை என்ற வார்த்தைகள் ஞாயிறுதோறும் காதில் விழுகின்றன. ஆனால் அந்த ஆறுதலை உணரவே முடியாத விசுவாசி ஒருவர் இருந்தால்?

இருந்தார். பெயர் வில்லியம் கூப்பர். 1731-ல் இங்கிலாந்தில் பிறந்த கவிஞர். ஆறு வயதில் தாயை இழந்தவர். பிறகு சட்டம் படித்தார். 1763-ல் பிரபுக்கள் சபையில் ஒரு வேலை கிடைக்க இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் எல்லோர் முன்பும் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயத்திலேயே மனம் உடைந்து உயிரை விடப் பார்த்தார். பரீட்சைப் பயம் தெரிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை!

செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் டாக்டர் நத்தானியேல் காட்டன் நடத்திய மனநல விடுதியில் அவரைச் சேர்த்தார்கள். அங்கே 1764-ல் ரோமர் நிருபத்தை வாசித்தபோது, தேவனுடைய மன்னிப்பு தனக்கும் உண்டு என்று நம்பினார். சாட்சி சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் கூப்பரின் கதை இங்கே முடியவில்லை.

1767-ல் அவர் ஓல்னி என்ற சிற்றூருக்குக் குடிபோனார். அங்கே போதகர் ஜான் நியூட்டன். இவர் முன்பு அடிமைக் கப்பலின் கேப்டன். 1748-ல் கடும்புயலில் சிக்கி, "இரக்கம் செய்யும்" என்று கடவுளிடம் கெஞ்சியவர். அதற்குப் பிறகும் 1754 வரை அந்தக் கொடிய தொழிலில் இருந்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. அடிமை வியாபாரத்தைக் கண்டித்தும், தன் பங்கை ஒப்புக்கொண்டும் அவர் புத்தகம் வெளியிட்டது 1788-ல்தான். புயலுக்கும் அந்தப் புத்தகத்துக்கும் நடுவே 40 வருடங்கள். இரக்கம் அவரிடம் அவ்வளவு காலம் பொறுமையாக இருந்தது.

நியூட்டனின் புகழ்பெற்ற 'அமேசிங் கிரேஸ்' பாடல் 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது. அதே ஜனவரியில் கூப்பர் மறுபடியும் நொறுங்கிப்போனார். தேவன் தன்னைத் தள்ளிவிட்டதாக ஒரு கனவு வேறு. ஆலயத்துக்குப் போவதையே விட்டுவிட்டார். 1800-ல் இறக்கும்வரை அந்த எண்ணம் அவரை முழுவதும் விட்டுப் போகவில்லை.

நியூட்டன் என்ன செய்தார்? ஏப்ரலில் தன் வீட்டுக்கு வந்த கூப்பரை ஒரு வருடத்துக்கும் மேலாக வைத்துப் பார்த்துக்கொண்டார். மேரி அன்வின் என்ற அம்மையார் கூடவே இருந்து கவனித்தார். கூப்பர் மெல்ல மெல்லத் தோட்டம் போட்டார், மூன்று முயல்கள் வளர்த்தார், கவிதை எழுதினார். 1779-ல் வந்த ஓல்னி பாடல் புத்தகத்தின் 348 பாடல்களில் அறுபதுக்கும் மேற்பட்டவை அவருடையவை. தனக்கு இரக்கம் இல்லை என்று நம்பியவரின் பாடல்களால் எத்தனையோ பேர் இன்றும் தேறுகிறார்கள்.

வேதாகமமும் இப்படிப்பட்டவர்களை ஒதுக்கவில்லை. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஆனாலும் அது ஜெபம்தான். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது! தேவன் துன்பத்தில் ஆறுதல் தருவது, அதை வாங்கியவர் அடுத்தவருக்குக் கொடுப்பதற்காக என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். கூப்பரால் ஆறுதலை உணர முடியவில்லை. ஆனால் அது நியூட்டன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தினமும் அவருக்குப் பரிமாறப்பட்டது.

உங்கள் வகுப்பிலோ விடுதியிலோ யாராவது "கடவுள் என்னை மறந்துட்டார்" என்று சொன்னால், உடனே வசனம் சொல்லி வாயடைக்காதீர்கள். விசுவாசம் குறைவு என்று தீர்ப்பும் சொல்லாதீர்கள். மன அழுத்தம் ஒரு நோய், அதற்கு மருத்துவர் உண்டு. தேவைப்பட்டால் கூடவே போங்கள். முதலில் பக்கத்தில் உட்காருங்கள், நாளைக்கும் வாருங்கள்.