கடவுளின் செயலா?



வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், நம் வீடுகளுக்குள் ஓர் அச்சமும் வந்து சேருகிறது. கோடையெல்லாம் நிழல் தந்த அதே மரம், இரவில் காற்று எழும்பும்போது நம்மை உறங்கவிடுவதில்லை. அந்த மரம் நம் வீட்டின்மேலோ அயலார் வீட்டின்மேலோ விழுந்தால் நாம் செய்யவேண்டியது என்ன என்பதை இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். இது ஆவிக்குரிய பொருளா என்று சிலர் கேட்கக்கூடும். அயலானை நேசிப்பது ஆவிக்குரியதானால், அயலானுடைய கூரையைப் பற்றிய அக்கறையும் ஆவிக்குரியதே.

2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்ததை உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவற்றில் குல்மோகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி போன்ற மரங்கள் மிகுதி. வேம்பும் புங்கமும் ஒப்பளவில் நன்றாகவே தாக்குப்பிடித்தன. விழுந்த மரங்கள் பலவற்றின் அடியைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் புரிந்தது. சுற்றிலும் சிமெண்டு பூசப்பட்டு வேருக்கு மூச்சுவிட இடமில்லை. கேபிளுக்கும் கால்வாய்க்கும் தோண்டியபோது பக்கவேர்கள் வெட்டப்பட்டிருந்தன. காற்று வந்தது ஒரு நாள். மரத்தைப் பலவீனமாக்கியதோ மனிதர்களின் பல வருட வேலை.

அந்நாட்களில் என் சபையைச் சேர்ந்த இரண்டு குடும்பங்களுக்கு நடுவே உட்காரும்படி என்னை அழைத்தார்கள். ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். அடுத்த வீட்டில், அவரைச் சிறுவயது முதல் "அக்கா" என்றே அழைத்துவந்த ஒருவர். இவர் வீட்டு நாட்டுப் பாதாம் மரம் மதிலை உடைத்துக்கொண்டு அந்த அம்மையாரின் பின்கட்டுக் கூரைமேல் விழுந்திருந்தது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனாலும் இரு வீட்டாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். "தம்பி, மரம் சாய்ந்துகொண்டே வருகிறது, ஆளை வைத்துப் பார்த்துவிடுங்கள் என்று இரண்டு தரம் சொன்னேனே" என்றார் அந்த அம்மையார். "அப்பா வைத்த மரம், வெட்ட மனம் வரவில்லை அக்கா. புயலுக்கு நான் என்ன செய்வேன்? இது கடவுளின் செயல்" என்றார் அவர். பிறகு இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

பிரியமானவர்களே, "கடவுளின் செயல்" என்பது சட்டத்திலும் உள்ள ஒரு சொல். மனிதர் எவரும் தலையிடாமல் இயற்கையின் வேகத்தால் நேர்ந்து, நியாயமான கவனத்தினால் முன்கண்டு தடுக்க முடியாததாய் இருந்தது எதுவோ, அதையே நீதிமன்றங்கள் அப்பெயரால் அழைக்கின்றன. ஆகவே மரம் விழுந்த வழக்குகளில் முக்கியமாக எழும்பும் கேள்வி, "அது யாருடைய மரம்?" என்பதல்ல, "அதன் ஆபத்து உரிமையாளருக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்திருக்க வேண்டியதா?" என்பதே. 1926-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கில், காற்றில்லாத நல்ல நாளில் ஒரு மரக்கிளை முறிந்து சாலையில் சென்ற வாகனத்தின்மேல் விழுந்தது. கிளையின் உட்பழுது வெளியே தெரியாததாகையால், உரிமையாளர் பொறுப்பாளியல்ல என்று தீர்ப்பாயிற்று.

யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தில் முட்டும் மாட்டைக் குறித்த பிரமாணத்தை வாசித்துப்பாருங்கள். முன்னறிகுறியின்றி முட்டிய மாட்டின் எஜமான் குற்றமற்றவன். அது முட்டுகிற வழக்கமுள்ளதென்று எச்சரிக்கப்பட்டும் கட்டிவைக்காதவனோ நீங்கலாகமாட்டான். அறிந்தவனிடத்தில் அதிகம் கேட்கப்படுகிறது. தெரிந்திருந்தும் செய்யாமல் விட்டதைக் கடவுளின் கணக்கில் எழுதுவது, அவருடைய நாமத்தை வீணிலே வழங்குவதாகும் என்றே நான் நினைக்கிறேன்.

சட்டம் எல்லாருக்கும் எல்லா வேளையிலும் ஆறுதல் தருவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் அலுவலகத்திற்கு நடந்துசென்ற ஒருவர்மேல் சாலையோர மரம் விழுந்து அவர் இறந்துபோனார். கீழ் நீதிமன்றங்கள் குடும்பத்தாருக்குச் சாதகமாகத் தீர்த்தும், 1997-இல் உச்சநீதிமன்றம் மாநகராட்சி பொறுப்பாளியல்ல என்று முடிவு செய்தது. சட்டம் நின்றுவிடுகிற இடத்தில் அயலாரின் அன்பு நின்றுவிடக்கூடாது.

இனி, மரம் விழுந்த வேளையில் செய்யவேண்டியவற்றை வரிசையாய்ச் சொல்லுகிறேன்.

முதலாவது, மனிதர்களைப் பாருங்கள். சுவரிலோ மேற்கூரையிலோ விரிசல் கண்டால் எல்லாரையும் வெளியேற்றுங்கள். சமையல் எரிவாயுவையும் மெயின் சுவிட்சையும் பத்திரமாய் எட்டமுடிந்தால் மட்டும் அணையுங்கள். மரத்தோடு மின்கம்பி கிடந்தால், தெரு முழுவதும் மின்சாரம் இல்லாதிருந்தாலும் அதை உயிருள்ள கம்பியாகவே எண்ணுங்கள். ஈர மரமும் தேங்கிய நீரும் மின்சாரத்தைக் கடத்தும். பிள்ளைகளை அருகே விடாதிருங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. சென்னை மாநகராட்சிக்கு 1913. உயிருக்கு ஆபத்தென்றால் 112.

இரண்டாவது, அவசரப்பட்டு அரிவாளைத் தூக்காதிருங்கள். சாய்ந்து கிடக்கும் மரம் வளைத்துக் கட்டிய வில்லைப்போல இழுவிசையோடு இருக்கும். ஒரு கிளையை வெட்டினால் அடிமரம் துள்ளி எழும்பவோ உருளவோ கூடும். பழகின ஆட்களே அதைச் செய்யட்டும்.

மூன்றாவது, மரத்தை அகற்றுமுன் எல்லாப் பக்கத்திலிருந்தும் புகைப்படம் எடுங்கள். வேர்ப்பகுதியையும் எடுங்கள், அது பழுதா, நல்ல மரமா என்பதற்கு அதுவே சாட்சி. வீட்டுக்குக் காப்பீடு இருந்தால் உடனே நிறுவனத்திற்குத் தெரிவியுங்கள். 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுவான வீட்டுக் காப்பீட்டில் புயலினால் வரும் சேதமும், மரம் விழுவதால் வரும் சேதமும் அடங்கும். இடிபாடுகளை அகற்றும் செலவுக்கு, இழப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம் வரை கிடைக்கும். மழை உள்ளே இறங்காதபடி தார்பாலின் போடுவதற்குத் தடையில்லை, ரசீதை வைத்திருங்கள். மதிப்பீட்டாளர் பார்க்குமுன் உடைந்த பொருள்களை எறிந்துவிடவேண்டாம். வாகனத்தின்மேல் விழுந்திருந்தால், முழுமையான காப்பீடே உதவும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ளவருக்குத் தம் வாகனத்தின் சேதத்திற்கு ஒன்றும் கிடையாது.

நான்காவது, அயலாரிடத்தில் முதல் வார்த்தையாகக் கணக்கைப் பேசாதிருங்கள். "எல்லாரும் சுகமா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பிற்பாடு பேசப்போகிற எல்லாவற்றையும் இலகுவாக்கும்.

எனினும் இவை எல்லாவற்றிலும் சிறந்தது, காற்றுக்கு முன்னே பார்ப்பதுதான். அடிமரத்தில் காளான் முளைத்திருக்கிறதா? தட்டினால் பொந்து ஒலிக்கிறதா? முன்பில்லாத சாய்வு உண்டா? வேரருகே மண் வெடித்து எழும்பியிருக்கிறதா? இவற்றுள் ஒன்று கண்டாலும் அறிந்தவரை அழைத்துக் காட்டுங்கள். ஒரு பாரமான கிளையைக் கழிப்பதே சில வேளைகளில் போதும். ஒவ்வொரு மரத்தையும் சந்தேகித்து வெட்டிப்போடுவது ஞானமல்ல. அயலார் வந்து சொன்னால் கோபப்படாமல் கேளுங்கள். நீங்களே சொல்லவேண்டியவரானால் சாந்தமாய்ச் சொல்லுங்கள். அவசியமானால் எழுதியும் கொடுங்கள். எத்தனை சொல்லியும் பயனில்லாமல், விழப்போகும் மரத்தினால் உயிருக்கு ஆபத்தென்றால், அதை அகற்றவோ தாங்குகொடுத்து நிறுத்தவோ உத்தரவிடும்படி கோட்டாட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு இதற்கு வழிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு அவ்விடத்தில் உள்ளது. அது கடைசி வழி; முதல் வழி மதிலருகே நின்று பேசுவது.

அந்த இரு குடும்பங்களுக்கும் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. யாத்திராகமத்தின் அந்தப் பகுதியை வாசித்துவிட்டு அமைதியாயிருந்தேன். சற்றுநேரத்துக்குப்பின் அந்தச் சகோதரர், "அக்கா, நீங்கள் சொன்னது உண்மைதான். கூரையை நான் போட்டுத்தருகிறேன்" என்றார். "மதிலை இரண்டுபேருமாய்க் கட்டுவோம் தம்பி" என்றார் அவர். பழைய நெருக்கம் உடனே வந்துவிடவில்லை. மதில் எழும்பிக்கொண்டிருந்தபோது கொத்தனாருக்கு இரு வீட்டிலிருந்தும் தேநீர் வந்தது. அதைக் கண்டு நான் தேவனைத் துதித்தேன்.

விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே கிடக்கும் என்று பிரசங்கி 11-ஆம் அதிகாரத்தில் ஞானி கூறுகிறார். மரத்திற்கு வேறு வழியில்லை. நமக்கோ எழுந்துபோய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிற கிருபை கொடுக்கப்பட்டிருக்கிறது. அடுத்த புயலுக்குக் காத்திராமல் இந்த வாரமே உங்கள் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்துபாருங்கள். மதிலுக்கு அப்பால் நீண்டிருக்கும் கிளையையும் அயலாரின் கண்களால் பாருங்கள்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, காற்றும் மழையும் உமது கரத்தில் இருக்கின்றன. எங்கள் கையில் நீர் ஒப்புவித்ததை நாங்கள் அசட்டைபண்ணாதபடி எங்களுக்கு விழிப்பைத் தாரும். எங்கள் அயலாரோடு எங்களைச் சமாதானமாய்க் காத்தருளும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.