உஷாவுக்கு முன்னால் ஓடியவர்

சிரம்பான் லோபாக்கில் ஓட்டத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது எப்படியும் 1966-க்குப் போய்விடும். மலேசியாவில் தேசிய விளையாட்டு வீரர் விருது முதன்முதலாக வழங்கப்பட்ட ஆண்டு அது. வீரர் விருது மணி ஜெகதீசனுக்கு, வீராங்கனை விருது ராஜாமணி மயில்வாகனத்துக்கு. அந்த ஆண்டு பேங்காக் ஆசியப் போட்டியில் ஜெகதீசனுக்கு மூன்று தங்கம். 400 மீட்டரில் ராஜாமணிக்கு ஒரு தங்கம். அங்கிருந்து பேச்சு 1985-க்குத் தாவும். ஜகார்த்தாவில் 800 மீட்டரை 1 நிமிடம் 47.37 வினாடியில் ஓடி ஆசிய வெற்றியாளரான பி. ராஜ்குமார் வருவார். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இந்த நேரங்களை வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள். இவர்களையெல்லாம் முதலில் திடலுக்கு அழைத்துப் போனது யார் என்று கேட்டால் மட்டும் யாருக்கும் பதில் வராது.

ஒரு பயிற்றுநரையாவது வேர் வரை தேடிப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பியபோது, அந்த ஜகார்த்தா முடிவுப் பட்டியலே வழி காட்டியது. ராஜ்குமார் தங்கம் வென்ற அதே போட்டியில் இந்தியாவின் பி.டி. உஷா 100, 200, 400 மீட்டர், 400 மீட்டர் தடை தாண்டுதல், 4x400 தொடர் ஓட்டம் என ஐந்து தங்கம் அள்ளியிருந்தார். கூடவே ஒரு வெண்கலம். அந்த ஓட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் ஓ.எம். நம்பியார்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கு நம்பியாரின் ஊர் அந்நியமல்ல. ஒரு காலத்தில் தோட்ட அலுவலகங்களில் கணக்கெழுதிய கிராணிமார்களில் மலையாளிகள் ஏராளம். வடகரை, தலச்சேரி, கண்ணூர் என்ற பெயர்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்றும் சிரம்பானில் இருக்கிறார்கள். அப்படி ஒரு வீட்டுப் பெரியவரிடம் உஷாவின் ஊரான பய்யோளியைப் பற்றிக் கேட்டேன். "வடகரைக்குப் பக்கத்துல, கடலோரம் தம்பி. அந்த மணல்ல நடந்தாலே கணுக்கால் வரைக்கும் புதையும். அதுல ஓடிப் பழகுன பிள்ளைக்குத் தார் ரோடு பறக்கிற மாதிரி இருக்கும்" என்றார். உஷா ஓடிப் பழகியது அந்த மணலில்தான்.

நம்பியார் பிறந்தது 1932-இல். மணியூர் அவரது கிராமம். கோழிக்கோடு குருவாயூரப்பன் கல்லூரியில் படிக்கும்போது ஓட்டத்தில் முதல் ஆள். இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்கிறாய், படையில் சேர் என்று கல்லூரி முதல்வர் தூண்ட, 1955-இல் விமானப்படையில் சேர்ந்தார். பதினைந்து ஆண்டுப் பணி. படை அணிக்காகத் தேசிய அளவில் களமிறங்கினார். ஆனால் இந்தியச் சட்டை போட்டு வெளிநாட்டில் ஓடும் வாய்ப்பு கடைசி வரை அமையவில்லை. 1970-இல் சார்ஜண்டாக ஓய்வு பெற்றார்.

அப்படி ஓய்வு பெற்று வந்தவர்கள் ஊரில் கடை வைப்பார்கள், நிலத்தைப் பார்ப்பார்கள். நம்பியாரோ பாட்டியாலா தேசிய விளையாட்டுக் கல்வி நிறுவனத்தில் பயிற்றுநர் பட்டயம் வாங்கி வைத்திருந்தார். அவரைக் கேரளத்துக்கு அழைத்தவர் கோதவர்ம ராஜா. திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு சம்பந்தம் கொண்டவர். கேரள விளையாட்டு மன்றத்தைக் கட்டி எழுப்பியவர். 1971-இல் குலு பள்ளத்தாக்கில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். அவர் அழைத்து வந்த பயிற்றுநர் என்ன சாதித்தார் என்பதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

1976-இல் கண்ணூரில் பெண்களுக்கான விளையாட்டுப் பிரிவு தொடங்கியது. பயிற்றுநர் நம்பியார், நாற்பது சிறுமிகள். அதில் ஒருத்திக்குப் பன்னிரண்டு வயது, ஒல்லிக்குச்சி உடம்பு.

நம்பியார் உஷாவிடம் என்ன கண்டார் என்பதுதான் இந்தத் தேடலில் என்னை அதிகம் பிடித்து நிறுத்திய இடம். ஒரு பரிசளிப்பு விழாவில்தான் அவளை முதலில் கவனித்ததாக அவர் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். அவர் கண்ணில் பட்டது ஓட்டம் அல்ல, அந்த மெலிந்த உடல்வாகும் விறுவிறுவென்ற நடையும். இவள் நல்ல ஓட்டக்காரியாக வருவாள் என்று அந்த நடையை வைத்தே கணித்துவிட்டார். நம் பள்ளிகளில் தேர்வு எப்படி நடக்கிறது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். விளையாட்டுப் போட்டி நாளில் முதலாவதாக வந்த பிள்ளையை மாவட்டப் போட்டிக்கு எழுதிப் போடுகிறோம். மூன்றாவதாக வந்தவள் எப்படி நடக்கிறாள் என்று பார்க்க அன்றைக்கு யாருக்கு நேரம் இருக்கிறது?

நம்பியாருக்கும் முன்னால் ஒருவர் இருந்திருக்கிறார் என்பதைச் சொல்லியாக வேண்டும். உஷா நான்காம் வகுப்புப் படித்த திருக்கோட்டூர் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர், மூத்த வகுப்பில் இருந்த மாவட்ட வெற்றியாளரோடு அவளை ஓட விட்டார். சின்னவள் ஜெயித்தாள். அந்த ஆசிரியர் அப்படி ஓட விடாமல் இருந்திருந்தால் விளையாட்டுப் பிரிவுப் பட்டியலில் அவள் பெயர் ஏறியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. 1978-இல் கொல்லத்தில் நடந்த இளையோர் போட்டியில் உஷா ஆறு பதக்கம் வாங்கினார். அதில் உயரம் தாண்டுதலும் நீளம் தாண்டுதலும் உண்டு. இதைப் படித்தபோது நம்பியார் மேல் மதிப்பு இன்னும் கூடியது. அவசரக்காரப் பயிற்றுநராக இருந்தால் 100 மீட்டரில் கட்டிப் போட்டிருப்பார். இவர் பிள்ளையின் உடம்பை எல்லாத் திசையிலும் வளர விட்டிருக்கிறார். அந்த அடித்தளம் இல்லாமல் பின்னால் தடை தாண்டும் ஓட்டத்துக்கு மாறியிருக்க முடியாது.

அந்த மாற்றமும் அவர் எடுத்த முடிவே. 1980 மாஸ்கோவில் 16 வயதில் ஓடிய உஷா முதல் சுற்றைத் தாண்டவில்லை. 1982 டெல்லி ஆசியப் போட்டியில் இரண்டு வெள்ளி, 1983 குவைத்தில் 400 மீட்டரில் தங்கம். ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 1984-இல். பழைய ஓட்டங்களில் ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் வேரூன்றிப் போயிருந்தார்கள். இதுவோ எல்லாருக்கும் புதுசு. பதக்கத்துக்கு வழி இங்கேதான் என்று நம்பியார் கணக்குப் போட்டார். கணக்கு கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது.

லாஸ் ஏஞ்சலஸ் அரையிறுதியில் உஷா 55.54 வினாடியில் முதலாவதாக வந்தார். இறுதி ஓட்டத்தில் ஒருமுறை தவறான தொடக்கம், மறுபடி எல்லாரும் கோட்டுக்குத் திரும்பினார்கள். மொரோக்கோவின் நவால் எல் முத்தவக்கேல் தங்கம், அமெரிக்காவின் ஜூடி பிரவுன் வெள்ளி. ருமேனியாவின் கிறிஸ்தியானா கொஜோகாரு 55.41, உஷா 55.42. யார் மூன்றாவது என்பதைப் புகைப்படத்தை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. நொடிக்கு ஏழு மீட்டர் வேகத்தில் வரும் ஒருவருக்கு, நூறில் ஒரு பங்கு வினாடி என்பது ஏழு சென்டிமீட்டர். அளவுகோலை எடுத்துப் பார்த்தேன். என் சுண்டு விரலை விடக் கொஞ்சம்தான் அதிகம். ஒலிம்பிக் கிராமத்தில் தனக்குக் கிடைத்தது கஞ்சியும் மாங்காய் ஊறுகாயுமே, கடைசி 35 மீட்டரில் தெம்பு போனதற்கு அதுவும் காரணம் என்று உஷா பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். ஏழு சென்டிமீட்டர் தூரத்துக்குத் தேவைப்பட்டது ஒரு நல்ல சாப்பாடாகக்கூட இருந்திருக்கலாம்.

அன்று நம்பியார் அழுதார். 88 வயதைத் தாண்டிய பிறகும் அதையே சொன்னார்: உஷாவுக்கு ஓர் ஒலிம்பிக் பதக்கம், அதுதான் அவருடைய வாழ்நாள் கனவு.

லாஸ் ஏஞ்சலஸுக்கு அடுத்த ஆண்டு ஜகார்த்தா. அதற்கடுத்த ஆண்டு சியோல் ஆசியப் போட்டியில் நான்கு தங்கம், ஒரு வெள்ளி. இந்தியாவில் சிறந்த பயிற்றுநருக்கான துரோணாச்சாரியார் விருது 1985-இல் தொடங்கியபோது, முதன்முதலாக வாங்கிய மூவரில் நம்பியார் ஒருவர். அதே ஆண்டு உஷாவுக்குப் பத்மஸ்ரீ. நம்பியாருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது 2021 ஜனவரியில். மாணவிக்கும் ஆசிரியருக்கும் நடுவே 36 ஆண்டு இடைவெளி. பார்க்கின்சன் நோயோடு போராடிக்கொண்டிருந்த அவர், தாமதமானாலும் மகிழ்ச்சி என்றார். அவர் பெரிய மனதோடு சொன்னார். எனக்கு அந்தத் தாமதம் இன்றும் ஆறவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று வடகரையில் அவர் மறைந்தார். நவம்பரில் டெல்லியில் விருது விழா நடந்தபோது அவர் இல்லை.

ஒரே ஒரு உஷாவைத்தானே உருவாக்கினார் என்று கேட்பவர்கள் உண்டு. உஷா 2002-இல் தடகளப் பள்ளி தொடங்கினார். அங்கே சிறுமியாகச் சேர்ந்த டிண்டு லூக்கா 2010-இல் 800 மீட்டரை 1 நிமிடம் 59.17 வினாடியில் ஓடி இந்தியச் சாதனை படைத்தார். நம்பியார் உஷாவைப் பார்த்த கண்ணால் உஷா அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறார்.

கல்லூரி முதல்வர், கோதவர்ம ராஜா, திருக்கோட்டூர் ஆசிரியர், மணியூர் நம்பியார். பய்யோளியில் இந்தச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக எண்ண முடிகிறது, ஏனென்றால் யாரோ கேட்டிருக்கிறார்கள், யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். நம் தோட்டப் பள்ளிகளில் சம்பளத்துக்கு மேல் ஒரு காசு வாங்காமல், மாலையில் பால்மரக் காட்டோரத் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிள்ளைகளை ஓட விட்ட ஆசிரியர்களின் பெயர்கள் மறைந்துகொண்டிருக்கின்றன. லோபாக், லாபு, செண்டாயான், ரெம்பாவ் பக்கத்தில் படித்தவர்கள், தங்களை முதலில் கோட்டில் நிற்க வைத்தவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் பள்ளியின் பழைய மாணவர்களிடம் கேட்டு நான் எழுதத் தொடங்கிவிட்டேன். ராஜாமணியையும் ராஜ்குமாரையும் முதலில் கண்டவர்களின் பெயர்களையும் அந்தத் தாளில் சேர்க்க வேண்டும்.