அகராதி பிறந்த மாடி

'ரிஸீட்' என்று எழுதும்போது, நடுவில் ஒலிக்காமல் நிற்கும் 'பி' எழுத்தை விட்டுவிட்டு உங்கள் வீட்டுப் பையன் குட்டுப் பட்டிருக்கிறானா? அப்படியானால் லண்டன் ஃப்ளீட் தெருவை ஒட்டிய சந்துக்குள் என்னோடு சற்று வாருங்கள்.

இதுதான் காஃப் சதுக்கம். பெயரே ஒரு பரீட்சை! கடைசியில் 'ஜி', 'ஹெச்' என்று எழுதிவிட்டு, 'ஃப்' என்று படிக்க வேண்டும்.

17-ம் எண் வீடு இன்று காட்சிசாலை. படியேறி மேல்மாடிக்குப் போவோம். டாக்டர் ஸாமுவேல் ஜான்ஸன், ஆறு உதவியாளர்களுடன் ஆங்கில அகராதி தயாரித்த இடம் இதுதான். 1755-ல் வெளிவந்தது, சொற்கள் 42,000-க்கும் மேல்.

அத்தனை பெரியவரும் சறுக்கினார்! 'ரிஸீட்'டில் 'பி' வைத்தவர், அதன் உறவுச் சொல்லான 'டிஸீட்'டில் வைக்கவில்லை. 'டிஸ்பாட்ச்' என்பதைத் தாம் எழுதும்போது 'ஐ' போட்டு எழுதியவர், அகராதியில் 'ஈ' போட்டுவிட்டார். இரண்டும் நிலைத்து, இன்றுவரை ஆபீஸ்களில் குழப்பம்தான்!

குதிரைக் குளம்புக்கு மேலுள்ள பாகத்தைக் குறிக்கும் சொல்லுக்கு 'முழங்கால்' என்று பொருள் எழுதியது ஏன் என்று ஒரு சீமாட்டி கேட்டாள். ஜான்ஸன் சமாதானம் தேடவில்லை. தம் அறியாமைதான் காரணமென்று ஒப்புக்கொண்டார்.

வெளியே, அவருடைய செல்லப் பூனை ஹாட்ஜ், 1997-ல் வைத்த வெண்கலச் சிலையாக, அகராதி மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த முறை பையனைத் திருத்துங்கள், குட்டாதீர்கள். அந்தப் 'பி'யை அகராதிக்காரரே ஓரிடத்தில் விட்டிருக்கிறாரே!